தொடங்கும்போது 90 விநாடி நிற்கும் லினக்ஸ்

இரண்டாவது லினக்ஸ் ஒன்றை நிறுவிய பிறகு பழையது தொடங்கும்போது 90 விநாடி நின்றுவிடுகிறது, லினக்ஸ் தொடங்கும்போது சேவைகளை எழுப்பும் சிஸ்டம்டி நிரலை எழுதிய லெனார்ட் பாட்டரிங்தான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாவம், இந்த முறை அவர் மீது பழி இல்லை. புதிய நிறுவல், நினைவகம் போதாதபோது உதவும் வட்டின் ஸ்வாப் பகுதியை மறுபடி ஃபார்மேட் செய்திருக்கும். அதனால் அந்தப் பகுதியின் தனி அடையாள எண்ணான யூயூஐடி மாறியிருக்கும். தொடக்கத்தில் எந்த வட்டுப் பகுதிகளை இணைப்பது என்று சொல்லும், பழைய லினக்ஸின் எஃப்எஸ்டேப் (/etc/fstab) கோப்போ இன்னும் பழைய எண்ணையே தேடுகிறது. 90 விநாடி என்பது சிஸ்டம்டியின் இயல்பான காத்திருப்பு வரம்பு. கோப்பை முதலில் நகலெடுத்து வைத்துக்கொண்டு, பிஎல்கேஐடி (blkid) கட்டளை காட்டும் புதிய எண்ணை ஸ்வாப் வரியில் எழுதுங்கள்.

பாட்டரிங் ரெட் ஹாட்டில் இருந்தபோது, 2010இல், கே சீவர்ஸுடன் சேர்ந்து சிஸ்டம்டியைத் தொடங்கினார். சேவைகள் ஒன்றோடொன்று பேசும் வாயில்களான சாக்கெட்டுகளை முன்கூட்டியே திறந்துவைத்துவிட்டால், ஒரு சேவை எழும்வரை இன்னொன்று வரிசையில் நிற்க வேண்டியதில்லை. எல்லாம் ஒரே நேரத்தில் எழலாம். மேக் கணினிகளில் இதே வேலையைச் செய்யும் ஆப்பிளின் லாஞ்ச்டி காட்டிய வழி அது. அதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். முன்பு எழுதிய லினக்ஸ் ஒலி நிரலான பல்ஸ்ஆடியோ காலத்திலிருந்தே வசவு வாங்கிப் பழகியவர், உங்கள் சந்தேகத்தையும் தாங்கிக்கொள்வார்.

மாற்றிய பிறகும் நின்றால், எந்தச் சேவை எவ்வளவு நேரம் எடுத்தது என்று காட்டும் சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம் (systemd-analyze blame) கட்டளை தரும் முதல் ஐந்து வரிகளை இங்கே இடுங்கள்.