மிதித்தால் கல்லாக நிற்கும் பெடல்

கேள்வி: ஐயா, 1998-ஆம் ஆண்டு தயாரான மாருதி ஜிப்சி ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி ஓட்டி வருகிறேன். பிரேக் பெடல் கல்லைப் போல இறுகியிருக்கிறது. எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நினைத்த இடத்தில் நிற்பதில்லை. முன் சக்கரப் பேடுகளையும், மிதிக்கும் விசையை பிரேக் ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரையும் மாற்றி, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற இரண்டு முறை ஏர் எடுத்தும் பலனில்லை. சென்ற மாதம் குடும்பத்துடன் நந்தி மலையிலிருந்து இறங்கியபோது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வந்தோம். எனக்கு முன்பு வைத்திருந்தவர் 205/70 ஆர் 15 டயர்களை எடுத்துவிட்டு 235/75 ஆர் 15 போட்டிருக்கிறார். பின் சக்கரங்களையும் டிஸ்க் பிரேக்காக மாற்றிவிட்டால் சரியாகுமா?
– வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: தயவுசெய்து இப்போதைக்கு எந்தப் பாகத்தையும் வாங்க வேண்டாம். பெடல் இறுகியிருக்கிறது என்று நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. குழாய்க்குள் காற்று புகுந்திருந்தால் பெடல் பஞ்சு போல அமுங்கும். மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் தேய்ந்திருந்தால் காலுக்கடியில் மெல்ல இறங்கும். இறுகி நிற்கிறதென்றால், காலுக்குத் துணை செய்ய வேண்டிய பூஸ்டரோ, சக்கரத்தைப் பிடிக்க வேண்டிய முன் பேடும் பின் டிரம் லைனிங்குமோ வேலை செய்யவில்லை என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். இதைச் சோதிக்காமல் மாஸ்டர் சிலிண்டரை மாற்ற வைத்தது தவறு என்பதை வருத்தத்துடன் சொல்கிறேன்.

பூஸ்டரை வீட்டு வாசலிலேயே சோதிக்கலாம். இன்ஜினை நிறுத்திவிட்டுப் பெடலை ஐந்தாறு முறை மிதியுங்கள். பிறகு அழுத்திப் பிடித்தபடியே இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பூஸ்டர் நலமாக இருந்தால் பெடல் தானாகவே சற்றுக் கீழே போகும். அசையாமல் நின்றால், முதலில் இன்ஜின் காற்றை உள்ளிழுக்கும் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து பூஸ்டருக்கு உறிஞ்சுவிசையை (வேக்யூம்) கொண்டுவரும் ரப்பர் ஹோஸையும், அதிலுள்ள ஒருவழி வால்வையும் பாருங்கள். பழைய வண்டிகளில் அந்த ஹோஸ் வெடித்தோ, உள்ளே சுருங்கியோ போயிருப்பது சாதாரணம். பூஸ்டரை மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமே இல்லை.

ஹோஸ் சரியென்றால் வேக்யூம் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். நல்ல பெட்ரோல் இன்ஜின் ஐடிலிங்கில் கடல் மட்டத்தில் 17 முதல் 21 பாதரச அங்குலம் வரை காட்டும். பெங்களூரு ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே சுமார் 3 அங்குலம் குறைவாகவே வரும். சென்னையில் ஓட்டிய அதே வண்டி இங்கே சற்றுக் கூடுதலாக மிதிக்கச் சொல்வதற்கும் இதுவே காரணம். ஆனால் 10 அங்குலத்துக்கும் கீழே காட்டினால் உயரத்தின் மேல் பழி போட முடியாது. வால்வு, டைமிங், கார்புரேட்டர் ஆகியவற்றைச் சரிசெய்யாமல் பிரேக் சரியாகாது.

அடுத்தது பின் டிரம். நான்கு சக்கர இயக்க வண்டிகளைப் பார்க்கும் பலர் இதைத்தான் கவனிக்கத் தவறுகிறார்கள். பின் ஆக்சிலின் மேலே பிரீதர் என்ற சிறிய மூச்சுக்குழல் இருக்கிறது. அது சேற்றால் அடைபட்டால், ஆக்சில் சூடாகும்போது உள்ளே அழுத்தம் ஏறி, கியர் ஆயில், அதைத் தடுக்கும் ரப்பர் சீலைத் தாண்டி டிரம்முக்குள் கசிந்து, டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூவின் லைனிங்கில் ஊறிவிடும். அப்படி ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மீண்டும் போடுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். சீலையும் ஷூவையும் சேர்த்து மாற்றி, பிரீதரையும் சுத்தம் செய்ய வேண்டும். லைனிங் கண்ணாடி போலப் பளபளத்தாலும் பிடிப்பு இருக்காது. பழைய லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும் என்பதால், டிரம் தூசியைக் காற்றடித்து ஊத வேண்டாம். ஈரத்துணியால் துடைத்தெடுக்கச் சொல்லுங்கள். சக்கரங்களுக்குப் போகும் ரப்பர் ஹோஸ்கள் வண்டியின் வயதையே உடையவை என்றால் அவற்றையும் மாற்றிவிடுங்கள். அவை உள்ளுக்குள் வீங்கி அடைத்துக்கொண்டாலும் பெடல் இறுகும்.

டயர் பற்றி நீங்கள் ஒரு வரி மட்டுமே எழுதியிருந்தாலும் அதுவும் முக்கியம். பழைய டயரின் உயரம் சுமார் 668 மில்லிமீட்டர். இப்போதிருப்பது சுமார் 733. அதே பிரேக், ஏறத்தாழ 10 சதவீதம் பெரிய சக்கரத்தை நிறுத்த வேண்டியிருப்பதால், சாலையில் கிடைக்கும் பிடிவிசை சுமார் 9 சதவீதம் குறைகிறது. கம்பெனி அளவுக்கே திரும்புவது நல்லது. பின்புறம் டிஸ்க் போட வேண்டியதில்லை. பிரேக் போடும்போது எடை முன்னே சாய்வதால் பெரும்பங்கு வேலை முன் டிஸ்க்குக்கே போகிறது. பின்னால் டிஸ்க் போட்டால் பிரேக் அழுத்தத்தின் பங்கீடும் ஹேண்ட் பிரேக்கும் புதிய சிக்கல்களாகும்.

இவற்றைச் சரிசெய்யும் வரை மலைப்பாதைக்குப் போகாதீர்கள். சரியான பின்னும், நந்தியிலிருந்து இறங்கும்போது இரண்டாவது கியரில் இன்ஜின் இழுத்துப் பிடிக்க இறங்குங்கள். நியூட்ரலில் விடவோ, இன்ஜினை அணைக்கவோ கூடாது. காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர இயக்கத்தையும் போட வேண்டாம். முன், பின் ஆக்சில்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் சென்டர் டிஃபரன்ஷியல் ஜிப்சியில் கிடையாது என்பதால், வளைவுகளில் டிரான்ஸ்மிஷன் முறுக்கிக்கொள்ளும்.

கேள்வி: எனது பழைய மஹிந்திரா ஜீப்பில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். சிக்னலில் மிதித்தபடி நிற்கும்போது பெடல் மெதுவாகத் தரை வரை இறங்குகிறது. பிரேக் ஆயில் அளவு குறையவில்லை. என்ன காரணம்?
– வாசகர், சிவாஜி நகர், பெங்களூரு

பதில்: முன்னவருக்கு வேண்டாம் என்ற மாஸ்டர் சிலிண்டர்தான் உங்களுக்குத் தேவை. ஆயில் வெளியே கசியாமல், உள்ளே தேய்ந்த ரப்பரைத் தாண்டித் திரும்பி வருகிறது. உட்சுவரில் கீறல் இருந்தால் ரப்பர் கிட் மட்டும் போடுவது நிலைக்காது, முழுதாக மாற்றுங்கள். அப்போதே பழைய ஆயிலையும் வெளியேற்றி, மூடியில் குறிப்பிட்டுள்ள வகையையே ஊற்றுங்கள். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் உறிஞ்சியபின் அது 140 டிகிரி வரை இறங்கிவிடும். ஜீப்பை ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிச் செல்ல வேண்டாம். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.