வலிப்பும் ஓட்டிசமும் பொலிஸ் வரை போனால்: ஒரு சட்டத்தரணியின் பதில்கள்

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாய்: என் மகனுக்கு 19 வயது. சின்ன வயதிலிருந்தே வலிப்பு. புறக்கோட்டை பஸ் நிலையத்தில் வலிப்பு வந்து தெளியும் நேரம், தூக்கிவிட வந்த பொலிஸ்காரரைத் தள்ளிவிட்டான். கடமைக்கு இடையூறு என்று வழக்கு. ஒத்துக்கொண்டு அபராதத்தைக் கட்டி முடிக்கச் சொல்கிறார்கள். கட்டட்டுமா?

வேண்டாம், அம்மா. கட்டினால் அது குற்றத்தீர்ப்பு. நாளைக்கு வெளிநாட்டு வேலைக்கு பொலிஸ் அறிக்கை எடுக்கப் போகும்போது அது முன்னால் வந்து நிற்கலாம்.

வலிப்பு அடங்கியதும் மூளை உடனே தெளிவதில்லை. சில நிமிடங்கள் ஆகும், சிலருக்கு மணிக்கணக்கிலும் ஆகும். அந்த நேரம் யாராவது இறுக்கிப் பிடித்தால் உடம்பு தானாகத் திமிறும், அவனுக்குப் பிறகு ஞாபகமும் இருக்காது. வேண்டுமென்று தடுத்தால்தான் அது குற்றம். அவன் அறிந்து தள்ளவில்லை என்பதைத்தான் நீங்கள் காட்ட வேண்டும். கிளினிக் கொப்பி, மருந்துத் துண்டுகள், ஈஈஜி எனும் மூளை மின்னலைப் பரிசோதனை அறிக்கை, நரம்பியல் மருத்துவரின் கடிதம் எல்லாவற்றையும் சட்டத்தரணியிடம் கொடுங்கள். அன்று பார்த்த கடைக்காரர் யாராவது இருந்தால் இப்போதே தேடிப் பிடியுங்கள், மாதங்கள் போனால் ஆள் கிடைக்காது. சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பும்படியும் நீதவானைக் கேட்கலாம்.

ஒன்றில் மட்டும் கவனம். தண்டனைச் சட்டக்கோவையின் 77ஆம் பிரிவில் சித்த சுவாதீனமின்மை, அதாவது அந்த நேரம் புத்தி நிலையாக இருக்கவில்லை, என்ற எதிர்வாதம் இருக்கிறது. அது வென்றாலும் பிள்ளை நேரே வீட்டுக்கு வருவான் என்றில்லை, பாதுகாப்புக் காவலில் வைக்கக் கட்டளை வரலாம். சின்ன வழக்குக்கு அந்த வழியில் இறங்குமுன் சட்டத்தரணியோடு நன்றாகப் பேசுங்கள்.

நான் பார்த்த பல வழக்குகளில் முதல் நாள் நோயைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. காரணம் வெட்கம். ஊர் என்ன சொல்லும், தங்கச்சியின் கல்யாணம் என்னாகும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த மௌனத்தின் விலையைப் பிள்ளைதான் கொடுக்கிறான். இனி எப்போதாவது வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்காமல், அழுத்திப் பிடிக்காமல், பக்கவாட்டில் சரித்துப் படுக்க வையுங்கள். சுற்றி நிற்பவர்களிடமும் உரக்கச் சொல்லுங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு அண்ணன்: தம்பிக்கு 13 வயது, ஓட்டிசம். யார் எதைக் கேட்டாலும் "ஓம்" என்பான். திருட்டு ஒன்றுக்கு விசாரித்து, சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

பயப்படாதீர்கள். பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை அவனுக்கு எதிராக நிரூபிக்கச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு இடம் தராது. வாக்குமூலம் எழுதிய மொழி புரியாதவருக்கு, புரியும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும் என்று குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 110ஆம் பிரிவு சொல்கிறது. அப்படிச் செய்தார்களா, பெரியவர் யாராவது பக்கத்தில் இருந்தார்களா என்பதைத் தேதியோடு எழுதி வையுங்கள்.

வயதும் முக்கியம். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை குற்றத்துக்குப் பொறுப்பாளியல்ல. முன்பு அந்த எல்லை 8 ஆக இருந்தது. 12க்கும் 14க்கும் இடைப்பட்ட பிள்ளைக்கு, தன் செயலின் தன்மையும் விளைவும் விளங்கும் முதிர்ச்சி இருந்ததா என்று பார்க்க வேண்டும். உங்கள் தம்பிக்கு மருத்துவ அறிக்கை பேசப்போவது இந்த இடத்தில்தான். அவனைப் பல வருடங்களாகத் தெரிந்த ஆசிரியரின் கடிதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தெமட்டகொடை வாசகர்: சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லை.

புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு உதவுவார்கள். பிள்ளை சிறுவராக இருந்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

வத்தளையிலிருந்து: மகனை விளக்கமறியலில் வைத்திருக்கிறார்கள், வலிப்பு மருந்து கிடைக்கிறதா என்று தெரியவில்லை.

இது இன்றைக்கே பார்க்க வேண்டிய விஷயம். வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் விடாமல் தொடர்ந்து வரும் வலிப்பு உண்டாகலாம், அது உயிருக்கே ஆபத்து. மருந்துத் துண்டின் பிரதியைச் சிறைச்சாலை வைத்தியரிடம் சேர்க்கச் சொல்லுங்கள். மருந்து தொடரக் கட்டளையிடும்படி சட்டத்தரணி நீதவானிடம் கேட்கட்டும், அடுத்த தவணை வரை காத்திருக்க வேண்டாம். அப்புறமும் பதில் இல்லையென்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கத்துக்கு அழையுங்கள். மருந்தின் பெயரையும் அளவையும், கடைசியாக எப்போது குடித்தான் என்பதையும் கையில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள்.