டிசம்பர் 25 ரோமானியரின் சூரியக் கடவுள் திருநாளாமே, கிறிஸ்தவர்கள் அதைக் கொண்டாடலாமா?

கொண்டாடலாம் என்பதே என் பதில். முதலில், அந்தச் சூரியக் கடவுள் கதை பலர் நினைக்கும் அளவுக்கு உறுதியானது அல்ல. பேரரசர் அவுரேலியன் 274-இல் ரோமில் சூரியனுக்குக் கோயில் எழுப்பியது உண்மை. ஆனால் டிசம்பர் 25-ஐச் சூரியனின் பிறந்தநாளாகக் காட்டும் பழைய சான்று, 354-ஆம் ஆண்டின் ரோமானிய நாட்காட்டித் தொகுப்புதான். கிறிஸ்து பிறப்பை அதே தேதியில் குறிப்பதும் அதே தொகுப்பு! யாரைப் பார்த்து யார் எடுத்தார்கள் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. இன்னொரு விளக்கமும் உண்டு: இயேசு சிலுவையில் இறந்த மார்ச் 25 அன்றே அவர் கருவானதாகவும் பழைய கிறிஸ்தவர்கள் சிலர் கருதினார்கள். ஒன்பது மாதம் கூட்டிப் பாருங்கள்.

சரி, மூலம் புறமதம்தான் என்றே வைத்துக்கொள்வோம். நாம் ஆராதனைக்குப் போகும் ஞாயிறும் சூரியனின் பெயர்தானே? அதற்காக யாரும் அன்று சூரியனைக் கும்பிடுவதில்லை.

அதேசமயம், கொண்டாடாதவரைக் குறை சொல்லவும் கூடாது. நாட்களை விசேஷமாக எண்ணுவதை ரோமர் 14-இல் பவுல் அவரவர் மனநிச்சயத்துக்கே விட்டுவிடுகிறார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் குடியேறிய பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள் அப்படி விடவில்லை. கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்று 1659-இல் சட்டமே போட்டார்கள். 1681-இல் அதை நீக்க வேண்டியதாயிற்று.