புது வீட்டுச் சமையலறைக்கு கேஸ் அடுப்பு வைப்பதா, இண்டக்‌ஷன் அடுப்பு வைப்பதா?

புது வீடு கட்டுகிறோம், கிச்சனுக்கு எதை வைக்கலாம், செலவு எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்று சொல்லவில்லை. வேலைக்குப் போகும் கணவன் மனைவி, பகலில் வீட்டில் தனியாக இருக்கும் அம்மாவோ மாமியாரோ, அவர்தான் பாதிச் சமையலைப் பார்க்கிறார் என்று நானே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படி இல்லை என்றால் இதில் பாதி உங்களுக்குப் பயன்படாது.

எங்கள் வீடு திருச்சியில். நான் பள்ளி ஆசிரியை. கணவர், நான், என் அம்மா என்று மூன்று பேர். அம்மாவுக்கு அப்போது 74 வயது. ஞாபகம் நன்றாகவே இருந்தது, இப்போதும் இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடந்ததைக் கேட்ட எல்லோரும் "அம்மாவுக்கு மறதி நோயா" என்றுதான் கேட்டார்கள்.

2022 நவம்பரில் ஒரு சாயங்காலம். பள்ளியிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேஸ் வாடை. அம்மா பாலை அடுப்பில் வைத்துவிட்டு ஹாலில் வந்து உட்கார்ந்திருக்கிறார். பால் பொங்கி வழிந்து தீயை அணைத்துவிட்டது. குமிழ் திறந்தபடியே இருந்தது. எவ்வளவு நேரமாக என்று தெரியாது. கேஸுக்கென்று சொந்த வாடை கிடையாது, கசிவது தெரியட்டும் என்றுதான் மெர்காப்டன் என்ற நாற்றப்பொருளைச் சேர்க்கிறார்கள். வயதானால் மூக்கு மந்தமாகிவிடும் என்பதை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். எனக்கு வாசலிலேயே குமட்டிய வாடை, பத்தடி தள்ளி இருந்த அம்மாவுக்குத் தெரியவே இல்லை.

"அம்மா, கேஸ்!" என்று கத்தினேன். பதறி எழுந்து சமையலறைக்குள் ஓடினார். புகையோ வாடையோ வந்தால் வழக்கமாக என்ன செய்வாரோ அதையே செய்யப் போனார். எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சுக்குக் கை நீட்டினார். அந்தச் சுவிட்ச் பழையது, போடும்போதெல்லாம் உள்ளே நீலமாக ஒரு பொறி தெரியும். "சுவிட்சைத் தொடாதம்மா!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்துவிட்டார். அம்மாவின் விரல் சுவிட்சுக்கு இரண்டு அங்குலத்தில் நின்றது. இப்போது எழுதும்போதும் அந்த விரல்தான் கண் முன்னால் நிற்கிறது. அப்புறம் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடினேன், பின்கதவைத் திறந்தேன், அம்மாவைத் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். மேலே இருக்கும் ஜன்னலைத் திறந்தால் போதாது, கதவைத் திறக்க வேண்டும். கேஸ் கசிவுக்கு 1906 என்ற அவசர எண் இருப்பது அன்று எனக்குத் தெரியாது. இப்போது ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

கேஸ் அடுப்பே ஆபத்து என்று நான் சொல்லவில்லை. நானும் அதில்தான் சமைக்கக் கற்றுக்கொண்டேன். தீ அணைந்தால் தானாகவே கேஸை நிறுத்தும் அடுப்புகள் இருக்கின்றன என்று யாராவது சொல்லலாம். உண்மைதான். பர்னருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கம்பி முனை இருக்கும், அது குளிர்ந்தால் வால்வு மூடிக்கொள்ளும். எங்களிடம் இருந்த சாதாரண இரண்டு பர்னர் அடுப்பில் அது இல்லை. நீங்கள் கேஸ்தான் வாங்குவதென்றால் கடைக்காரரிடம் அந்த வசதி இருக்கிறதா என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

அடுத்த வாரமே இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கினோம். 2000 வாட். அவசரத்தில் அதை மிக்ஸி போடும் சாதாரணப் பிளக்கில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்து மாட்டினோம். நாலாவது நாள் பிளாஸ்டிக் கருகும் வாடை. பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தால் ஓட்டை உருகி இளகியிருந்தது. 2000 வாட் என்றால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர். நாங்கள் மாட்டியது 6 ஆம்பியர் பாயிண்ட். ஒரு ஆபத்திலிருந்து அம்மாவைக் காப்பாற்றப் போய் இன்னொன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டேனே என்று அன்று இரவு தூக்கமே வரவில்லை. எலக்ட்ரீஷியன் வந்து மெயின் போர்டிலிருந்து ஃபோர் ஸ்கொயர் என்ற தடிமனான ஒயர் தனியாக இழுத்து, 16 ஆம்பியர் பிளக்கும் அதற்கென்று தனி எம்சிபியும் (கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) போட்டுக் கொடுத்தார். அதன் பிறகு ஒரு தொந்தரவும் இல்லை.

அடுத்தது பாத்திரம். காந்தம் ஒட்டும் அடி இருந்தால்தான் இண்டக்‌ஷன் சூடாக்கும். ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த முருகன் படக் காந்தத்தை எடுத்துக்கொண்டு நானும் அம்மாவும் சின்னக்கடை வீதிக்குப் போனோம். கடையில் ஒவ்வொரு பாத்திரத்தையும் கவிழ்த்து அம்மாவே ஒட்டிப் பார்த்து எடுத்தார். வீட்டிலிருந்த அலுமினியக் குக்கர், வெண்கலப் பானை, ஈயச்சொம்பு எதுவும் உதவாது. இரும்பு தோசைக்கல்லில் காந்தம் ஒட்டும், ஆனால் தோசை நடுவில் சிவக்கும்போது ஓரம் வெள்ளையாகவே இருக்கும். உள்ளே சுருள் இருக்கும் அகலத்துக்குத்தான் சூடு. அம்மா அதை இரண்டு நாள் பார்த்துவிட்டு, "ஏண்டி, என்னைச் சமையக்கட்ட விட்டே வெளியே அனுப்பப் பாக்குறியா?" என்று கேட்டார். அதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

அதனால் கேஸை முழுவதுமாக எடுக்கவில்லை. காலையிலும் இரவிலும் நான் வீட்டில் இருக்கும்போது தோசை, சப்பாத்தி, அப்பளம் சுடுவது, ஈயச்சொம்பு ரசம் எல்லாம் கேஸில். கிளம்பும்போது ரெகுலேட்டரை மூடிவிடுவேன். பகலில் அம்மாவுக்குப் பால், காபி, சாதம், குழம்பு எல்லாம் இண்டக்‌ஷனில். பால் பொங்கினால் துணியால் துடைத்துவிட்டால் முடிந்தது. பாத்திரத்தை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் தானாகவே நின்றுவிடும். தொட்டால் வேலை செய்யும் கண்ணாடி மாடலை வாங்காதீர்கள், ஈர விரலுக்கு அது சரியாகக் கேட்பதில்லை. அழுத்தும் பொத்தான் உள்ளதாக வாங்குங்கள். எங்கள் அடுப்பில் எல்லா எழுத்தும் ஆங்கிலம். அம்மாவே ஒரு வழி செய்தார்: ஆன் பொத்தான் மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு, ஆஃப் மேல் ஒரு கறுப்புப் பொட்டு. சித்திரை வெயிலில் கேஸ் எரியும்போது ஃபேன் போட முடியாது, தீ அலையும். இப்போது மத்தியானம் ஃபேனுக்குக் கீழே நின்று சமைக்கிறார். அவருக்கு இண்டக்‌ஷன் பிடித்துப்போனதற்கு அதுதான் முதல் காரணம்.

செலவு கேட்டிருந்தீர்கள். முன்பு 14.2 கிலோ சிலிண்டர் எங்களுக்கு 40 நாள் வந்தது, இப்போது 100 நாளை ஒட்டி வருகிறது. இரண்டு மாத கரண்ட் ரீடிங் 260 யூனிட்டிலிருந்து 380க்குப் போனது. நான் கணக்குப் போட்டபோது 200க்கு மேல் 400 வரை யூனிட் 5 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது, ஆக 570 ரூபாய் கூடுதல். அந்த இரண்டு மாதத்தில் மிச்சமான கிட்டத்தட்ட ஒரு சிலிண்டருக்கு 800 ரூபாய் என்று போட்டதில், இரண்டு மாதத்துக்கு 200 ரூபாய்க்கு மேல் எங்களுக்கு லாபமாக இருந்தது. ஆனால் நீங்கள் ஏசி ஓட்டி ஏற்கெனவே 500 யூனிட் பக்கம் இருந்தால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். அப்போது 500ஐத் தாண்டினால் அடுக்கே மாறி, தாண்டிய யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல் போனது. வாடகை வீட்டில் ஓனர் வைத்த மீட்டர் என்றால் அவர் யூனிட்டுக்கு என்ன வாங்குகிறார் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இண்டக்‌ஷனில் கதிர்வீச்சு, புற்றுநோய் வரும் என்று பயமுறுத்துபவர்கள் இருக்கிறார்கள். உள்ளே இருப்பது காந்தப் புலம், எக்ஸ்ரே மாதிரியான கதிர் அதில் கிடையாது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர் வீட்டில் இருந்தால் மட்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் நிறுத்தும் நாளில் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், அன்றைக்கு மதியச் சாப்பாட்டைக் காலையிலேயே கேஸில் செய்து வைத்துவிடுகிறேன். வீட்டு இன்வெர்ட்டர் 2000 வாட் அடுப்பைத் தாங்காது.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். இதெல்லாம் நடந்தபோது சொந்தக்காரர்கள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "வயசான அம்மாவ ஏன் சமைக்க விடுற?" என் அண்ணன் வெளியூரில் நல்ல வேலையில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து "அம்மா சாப்டாங்களா" என்று கேட்பார். அவரை ஒருவரும் எதுவும் கேட்டதில்லை. ஒரு கல்யாணத்தில், பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, அத்தனை பேருக்கு முன்னால் ஒரு பெரியம்மா என்னைக் கேட்டார். நான் இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாதான் சொன்னார்: "என் கையால ஒரு டம்ளர் காபி போட்டுக் குடிக்கிறது எனக்கு வேணும். அதுக்கு அவதான் வழி பண்ணிக் கொடுத்தா."

சரி, உங்கள் விஷயம். இரண்டும் வையுங்கள் என்பதுதான் என் பதில். இப்போது இண்டக்‌ஷன் வாங்காவிட்டாலும் அடுப்பு மேடைக்கு மேலே ஒரு 16 ஆம்பியர் பாயிண்டுக்குத் தனி ஒயர் இழுக்கச் சொல்லுங்கள். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். நாங்கள் ஒட்டி ஆறு வருஷம் கழித்து உடைத்தோம், அதே டைல்ஸ் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. எங்கள் அடுப்படிச் சுவரில் அந்த மூன்று டைல்ஸ் மட்டும் இன்றும் வேறு நிறத்தில் இருக்கின்றன.