ஏதென்ஸில் முதல் கிரேக்கக் காபி: குடிப்பதும் போடுவதும்

பக்கத்து வீட்டு அம்மா கொடுத்த காபி வாயெல்லாம் தூளாக இருந்தது, சர்க்கரை போட்டுக் கலக்கியதும் இன்னும் மோசமாகிவிட்டது, இதை எப்படிக் குடிக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கலக்கியதுதான் கோளாறு.

இந்தக் காபியை யாரும் வடிகட்டுவதில்லை. மாவு போல அரைத்த தூள் அப்படியே கோப்பைக்கு வந்துவிடும். கொண்டுவந்து வைத்ததும் இரண்டு மூன்று நிமிடம் தொடாதீர்கள், தூள் அடியில் படியட்டும். பிறகு கோப்பையை ஆட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுங்கள். நாக்கில் தூள் தட்டுப்பட்டால் அதோடு நிறுத்திவிடலாம். மண்டியை மிச்சம் வைத்தால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். இதற்குப் பால் கிடையாது.

சர்க்கரை காபியோடு சேர்ந்தே அடுப்பில் ஏறுவதால், கேட்கும்போதே அளவைச் சொல்லிவிட வேண்டும். 'ஸ்கெட்டோ' என்றால் சர்க்கரையே இல்லை. 'மெட்ரியோ' என்றால் ஒரு தேக்கரண்டி, 'கிளிகோ' என்றால் இரண்டு. நம் ஃபில்டர் காபி பழகிய நாக்குக்கு மெட்ரியோவில் தொடங்குவதே நல்லது. கடையில் 'ஏனா எலினிகோ மெட்ரியோ, பரக்கலோ' என்றால் போதும்.

வீட்டில் போட 'பிரிக்கி' என்ற நீளக் கைப்பிடி வைத்த சின்னப் பாத்திரம் வேண்டும். ஒரு கோப்பைக்கு ஒரு கோப்பை அளவு பிரிக்கியே வாங்குங்கள். பெரியதில் போட்டால் நுரை பரந்து மெலிந்துபோகும். அந்த நுரைக்குக் 'கைமாக்கி' என்று பெயர், காபியின் தரத்தை அதை வைத்துத்தான் பார்ப்பார்கள். தூளுக்குக் கிளியின் படம் போட்ட லூமிடிஸ் பிராண்ட், அல்லது பிராவோ, எந்த சூப்பர்மார்க்கெட்டிலும் கிடைக்கும். சின்னப் பொட்டலமாக வாங்குங்கள், பழைய தூளில் நுரை எழும்பாது.

குடிக்கும் கோப்பையாலேயே குளிர்ந்த தண்ணீர் அளந்து ஊற்றுங்கள், சுமார் 60 மில்லி. குவித்த ஒரு தேக்கரண்டித் தூள், வேண்டிய சர்க்கரை. சர்க்கரை கரைந்து தூள் நன்றாகக் கலக்கும்வரை கலக்கி, கரண்டியை எடுத்துவிடுங்கள். அதன்பிறகு கலக்கவே கூடாது. சிறு தீயில் வையுங்கள். முதலில் ஓரத்தில் நுரை வளையம் கட்டும், பிறகு நடுவை நோக்கி மூடிக்கொண்டே பால் பொங்குவதுபோல் ஏறும். விளிம்பைத் தொடுமுன் இறக்கிவிடுங்கள். கொதித்தால் நுரை உடைந்துவிடும், கசப்பும் ஏறும். தீ அதிகமானால் தூள் ஊறுவதற்குள் பொங்கிவிடும், காபி தண்ணியாக இருக்கும். இரண்டு மூன்று தடவை பொங்கவிடுபவர்களும் உண்டு. நுரை வேண்டுமென்றால் ஒரு தடவையே போதும்.

வாடகை வீட்டு மின்னடுப்பில் கவனமாக இருங்கள். அணைத்த பிறகும் தட்டு சுடும், அதனால் பிரிக்கியைத் தூக்கியே ஆகவேண்டும். இண்டக்‌ஷன் அடுப்பில் செம்பு, பித்தளை வேலை செய்யாது. அடி சின்னதாக இருந்தால் எஃகுப் பிரிக்கியைக்கூட அது கண்டுகொள்ளாமல் போகலாம். 'கசாக்கி' என்ற சின்ன கேஸ் அடுப்பு அதற்கு வழி.

இரண்டு பேருக்கு என்றால் முதலில் நுரையை இரண்டு கோப்பையிலும் கொஞ்சம் பகிர்ந்துவிட்டு மிச்சத்தை மெதுவாக ஊற்றுங்கள். மண்டியைக் குப்பையில் போடுங்கள், சிங்க்கில் கொட்டினால் நாளடைவில் குழாய் அடைத்துக்கொள்ளும்.