‘புட் ஆஃப்’ என்றால் அணைந்துபோனது என்று பொருளல்ல

தம்பி, ‘உங்கள் கடிதத்தின் தொனி வாடிக்கையாளரைப் புட் ஆஃப் செய்துவிட்டது’ என்று மேலாளர் சொன்னதும், வாடிக்கையாளர் வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டார் என்று எண்ணி, ‘எந்தத் தேதிக்கு?’ என்று கேட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நான் சிரிக்கவில்லை; அதே இரண்டு சொற்களால் ஒரு வேலையையே கோட்டைவிட்டவன் நான்.

ஒத்திவைத்தல் என்பது ‘புட் ஆஃப்’ (put off) என்னும் ஆங்கிலத் தொடரின் ஒரு பொருள் மட்டுமே. தள்ளப்படுவது கூட்டமோ பயணமோ என்றால் அது பொருந்தும். ஆள் என்றால் பெரும்பாலும் கதை வேறு. ‘தி ஸ்மெல் புட் மி ஆஃப்’ என்றால் அந்த வாடையிலேயே எனக்கு வெறுத்துப்போய்விட்டது என்று பொருள். கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பவர் ‘டோன்ட் புட் மி ஆஃப்’ என்றால், கவனத்தைக் கலைக்காதே என்கிறார். கடனைக் கேட்டு வந்தவரைச் சாக்குப்போக்குச் சொல்லித் திருப்பி அனுப்புவதற்கும் இதே சொல்தான். ஆகவே உங்கள் வாடிக்கையாளர் எதையும் ஒத்திவைக்கவில்லை. கடிதத்தைப் படித்து முகம் சுளித்திருக்கிறார்.

‘லைட்டைப் புட் ஆஃப் செய்’ என்னும் நம் பழக்கத்தை முதலில் கைவிடுங்கள். நாம் வந்திருக்கும் இந்த ஆங்கிலம் பேசும் நாட்டில் ‘டர்ன் ஆஃப்’ அல்லது ‘ஸ்விட்ச் ஆஃப்’ என்பதே வழக்கு. உடையையும் அப்படிச் சொல்லாதீர்கள். 1611ஆம் ஆண்டு வெளிவந்த கிங் ஜேம்ஸ் விவிலியத்தில் மோசேயைக் காலணியைக் கழற்றச் சொல்லும் இடத்தில் ‘புட் ஆஃப்’ என்றுதான் இருக்கிறது. ஆனால் இன்று காலணியை ‘டேக் ஆஃப்’ தான் செய்கிறார்கள். ‘இட்’ போன்ற சுட்டுப்பெயர் வந்தால் அது நடுவில்தான் உட்கார வேண்டும்: ‘புட் இட் ஆஃப்’ சரி, ‘புட் ஆஃப் இட்’ தவறு. போவதைத் தள்ளிப்போட்டேன் என்பதற்கு ‘புட் ஆஃப் கோயிங்’ என்றே சொல்ல வேண்டும், ‘டு கோ’ ஒட்டாது.

‘புட் ஆஃப்’ போன்ற ஐந்நூறு வினைத்தொடர்களைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்யும் நம்மவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். நாக்கை வளைத்து உள்ளூர்க்காரரைப் போலவே பேசுவார்கள். ஆனால் ‘புட் ஆஃப்’ என்பதற்கும், ரத்து செய்வதைக் குறிக்கும் ‘கால் ஆஃப்’ என்பதற்கும் வேறுபாடு கேட்டால் விழிப்பார்கள். எடுத்துக்காட்டு என்பதை எடுத்தல், காட்டல் என்று பிரித்துப் பார்த்தா நாம் புரிந்துகொண்டோம்? நான் பட்டியல் எதையும் தொட்டதில்லை. யார், எதைப் பற்றி, எந்த முகபாவத்துடன் சொன்னார் என்று காதால் கேட்டுக் கேட்டுத்தான் பழகினேன். இன்று என் அலுவலகத்தில் பிறர் எழுதிய கடிதங்களைத் திருத்திக் கொடுப்பவன் நான்தான்.

இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த 3ஆம் வாரத்திலேயே அந்தக் காது எனக்கு இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு கிடங்கில் செவ்வாய்க்கிழமை நேர்காணல். முதல் நாள் மாலை தொலைபேசியில் ஒரு பெண் விரைவாக ஏதோ சொன்னார். அதில் என் காதில் தெளிவாக விழுந்தது ‘புட் ஆஃப்’ மட்டுமே. ‘ஆஃப்’ என்றால் நமக்கு அணைந்தது, முடிந்தது என்றுதானே பொருள்? ‘தேங்க் யூ’ என்று கூறி இணைப்பைத் துண்டித்துவிட்டு, இஸ்திரி போட்டு நாற்காலியில் தொங்கவிட்டிருந்த சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்தேன். வெள்ளிக்கிழமை அதே பெண் அழைத்து, ஏன் வரவில்லை என்று கேட்டார். நீங்கள்தானே புட் ஆஃப் என்றீர்கள் என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, ‘யெஸ், டில் தர்ஸ்டே’ என்றார்.