உணவகத்துக்கு மேஜை, நாற்காலி வாங்கும்போது எதை முக்கியமாகப் பார்க்க வேண்டும்?

தூக்கிப் பாருங்கள். உட்கார்ந்து பார்ப்பது அப்புறம்.

நீங்கள் இப்போது போனில் நூறு படங்களைச் சேமித்து வைத்துக்கொண்டு, மரமா இரும்பா என்று ராத்திரி தூங்காமல் கிடப்பீர்கள். நானும் அப்படித்தான் கிடந்தேன். முடிவில் 12 மேஜைகளும், கைப்பிடி வைத்த, வெளிர்நிறத் துணி போர்த்திய 48 நாற்காலிகளும் வாங்கினேன். படத்தில் அற்புதமாக இருந்தன.

முதல் நாளே ஒரு சங்கதி தெரிந்தது. மேஜையின் உயரம் 75 செ.மீ., சரிதான். ஆனால் பலகைக்கு அடியில் ஓடும் சட்டம் தரையிலிருந்து 63 செ.மீ.யில் இருந்தது. நாற்காலியின் கையோ 66. அதனால் எந்த நாற்காலியும் மேஜைக்கு அடியில் போகவில்லை. ஆள் இல்லாத நாற்காலியும் நடைபாதையில் நீட்டிக்கொண்டு நின்றது. தட்டு ஏந்தி வரும் பையன்கள் இடுப்பை வளைத்து வளைத்து நடந்தார்கள். சக்கர நாற்காலியில் வந்த ஒரு பெரியவரை உள்ளே அழைத்துப் போக நான்கு நாற்காலிகளை நகர்த்த வேண்டியிருந்தது. போய்ச் சேர்ந்தால் அந்தச் சட்டம் முழங்காலில் இடித்தது. அன்றைக்கு எனக்கு இருந்த வெட்கத்தை எழுதி முடியாது.

தரை துடைக்கும் அக்கா ஒரு வாரம் பொறுத்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இதை வாங்கும்போது யாராவது தூக்கிப் பார்த்தீங்களா?" ஒரு நாற்காலி 9 கிலோ. தரையைத் துடைக்க 48-ஐயும் ராத்திரி மேஜைமேல் கவிழ்க்க வேண்டும். அதாவது 432 கிலோ. காலையில் அதே 432 கிலோவை இறக்க வேண்டும். கடைக்காரரிடம் நான் நிறம் கேட்டேன், துணி கேட்டேன், எடை கேட்கவில்லை.

மேஜைகள் ஆடியது தனிக்கதை. கழுவின தண்ணீர் வடிய எங்கள் தரை லேசாகச் சரிந்திருக்கும். சரிவும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. மூன்று கால் எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்கும், நான்கு கால் இப்படிப்பட்ட தரையில் ஆடும். தினமும் காகிதம் மடித்துச் செருகினோம். அடியில் திருகி உயரம் மாற்றுகிற குமிழ் வைத்த கால் கிடைக்கிறது என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்கிற பார்ட்டிகிள் போர்டு பலகைகளின் ஓரம் ஈரம் குடித்து உப்பியதைப் பற்றிப் பேசவே விருப்பமில்லை.

உடனே ஒருவர் வந்து, "உயர்தர உணவகத்துக்கு இதெல்லாம் பொருந்தாது, மெத்தை இல்லாமல் யார் உட்காருவார்கள்?" என்பார். மெத்தையே கூடாது என்று நான் சொல்லவில்லை ஐயா. சுவரோரமாகப் போடுங்கள், கழற்றித் துவைக்கிற உறையோடு போடுங்கள். நான் இன்டீரியர் படித்தவனும் இல்லை. என் கைக்காசு போனதைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

சொல்லப்போனால் அந்தத் துணி நாற்காலிகள் என் தேர்வே இல்லை. கூட்டு சேர்ந்த நண்பனின் 'ரசனை' அது. துணியில் கறை ஏறத் தொடங்கியதும் "நீதானே கையெழுத்துப் போட்டாய்" என்றான். பங்கைத் திருப்பி வாங்கிக்கொண்டு போயும் விட்டான். ஆனால் இன்றைக்கும் பத்துப் பேரோடு வருவான், "நம்ம கடைதான், தயங்காம சாப்பிடுங்க" என்பான், பில்லைத் தொடமாட்டான். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

சரி, நாற்காலிக்கு வருவோம். இப்போது இருப்பவை தோனெட் என்கிற பழைய மரச்சாமான் நிறுவனத்தின் 14ஆம் எண் நாற்காலியின் நகல்கள். மூலம் 1859இல் வந்தது: நீராவியில் வளைத்தது உட்பட ஆறு மரத்துண்டுகள், பத்துத் திருகுகள், இரண்டு நட்டுகள். பிரித்தால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கும். எனக்கு அதன் வரலாறு முக்கியமில்லை. கை இல்லை, அக்கா ஒரு கையால் தூக்குகிறார், ஆட்டம் கண்டால் திருகை முறுக்கினால் போதும்.

மொத்தமாக ஆர்டர் கொடுக்காதீர்கள். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி வாங்கி ஒரு வாரம் உங்கள் தரையில் போட்டு வையுங்கள். இருக்கைக்கும் மேஜைப் பலகைக்கும் இடையே 25 முதல் 30 செ.மீ., ஆளுக்கு 60 செ.மீ. அகலம், நடக்கிற வழி 90க்குக் குறையாமல். ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது அளந்து பாருங்கள், காலி நாற்காலியை வைத்து அளக்காதீர்கள்.

பழைய நாற்காலிகளில் இரண்டு மட்டும் கல்லாவுக்குப் பின்னால் கிடக்கின்றன. நண்பன் வந்தால் அதில்தான் உட்காருவான். புதியதைவிட அதுதான் வசதியாம்.